கேள்வி பாப்பாவுக்கு

என் ஜீப்பில் பாட்டுப் பெட்டி கிடையாது. இருபது வருடமாக செம்மநத்தத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவில் ஆள் ஏற்றி இறக்குகிறேன், ஒருவரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. வண்டியில் நான் இருக்கிறேன், அது போதும் என்று விட்டுவிட்டார்கள். சாவியைத் திருகும்போது வாயைத் திறந்தால் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் எஞ்சினை அணைக்கும்போதுதான் மூடுவேன். சில நாள் எஞ்சின் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் வாய் மட்டும் ஓடும். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டரின் முன்கோபம், காட்டெருமை வேலியை உடைத்த கதை, யார் வீட்டுப் பெண்ணுக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதது இல்லை. தெரியாததையும் நான் சொல்லாமல் விட்டதில்லை.

இப்படிப்பட்டவனுக்குப் பிறந்த மகள் மூன்று வயதாகியும் பேசவில்லை.

பேசவில்லை என்றால் ஊமை என்று அர்த்தமில்லை. காது பாம்புக் காது. பக்கத்து வீட்டில் பிஸ்கட் பொட்டலம் பிரித்தால் இங்கே எழுந்து உட்காருவாள். அவளுக்கென்று ஒரு பேச்சும் இருந்தது. 'ஆ', 'ஈ', 'ஆயா', 'ஊய்யா' என்று ஏழெட்டுச் சத்தங்களை வைத்துக்கொண்டு உலகத்தையே சமாளித்தாள். அது யாருக்கும் புரியாது. எனக்குப் புரியும். குறைந்தபட்சம், புரியும் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

"பாப்பா என்னமோ சொல்லுதுங்களே?" என்று ஜீப்பில் யாராவது கேட்பார்கள்.

"மழை வரும்போல இருக்குதாம், துணிய எடுக்கச் சொல்லோணுமாம் அவங்கம்மாகிட்ட" என்பேன்.

அவள் சொன்னது இரண்டு எழுத்து, நான் சொன்னது இரண்டு வரி. வண்டியில் இருக்கிற பெண்கள் எல்லாம் கன்னத்தில் கை வைத்து வியப்பார்கள். "அப்பனுக்குன்னா எப்படிப் புரியுது பாருங்க" என்பார்கள். எனக்குத் தலை கூரையில் முட்டும். என் மகளோ வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். அதையும் நான் அடக்கம் என்று விளக்கிச் சொல்வேன்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது என் மனைவி. அவள் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள். எங்கள் வீட்டில் பேச்சு எனக்கு, பார்வை அவளுக்கு என்று கல்யாணமான நாளிலேயே பாகம் பிரிந்துவிட்டது. ஒரு ஆடி மாதம் தெருக் குழந்தைகள் எல்லாம் நாவல் பழம் தின்றுவிட்டு, யார் நாக்கு அதிகம் ஊதா என்று ஒருவருக்கொருவர் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மகளும் வாயைத் திறந்தாள். நாக்கு பல்லைத் தாண்டி வரவில்லை. நுனி நடுவில் பள்ளம் விழுந்து, யாரோ உள்ளேயிருந்து நூல் கட்டி இழுப்பது போல நின்றது. மற்ற குழந்தைகள் "இன்னும் நீட்டு, இன்னும் நீட்டு" என்றார்கள். இவள் கொஞ்ச நேரம் முயற்சி செய்து பார்த்தாள். பிறகு கையிலிருந்த பழத்தைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

"ஏனுங்க, புள்ளைக்கு நாக்கு ஒட்டிட்டு இருக்குதுங்க. டாக்டர்கிட்டக் காட்டலாமுங்க" என்றாள் மனைவி.

நான் சிரித்தேன். எங்கள் வம்சத்தில் எவனுக்கு நாக்கு ஒட்டியிருக்கிறது, வாயை மூடச் சொல்லித்தான் எங்களிடம் கெஞ்சுவார்கள் என்றேன். இதே மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பால் குடிக்கத் திணறுவாள், பாதியில் விட்டுவிட்டு அழுவாள், தாய்க்கும் வலி தாங்காது. அப்போது நான் அவளுக்குச் சோம்பேறி என்று பெயர் வைத்தேன். என் புத்திக்கூர்மை அப்படி.

அப்புறம் ஊர் உள்ளே புகுந்தது. ஒருவர் வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவச் சொன்னார். இன்னொருவர் தங்க மோதிரத்தைத் தேனில் தோய்த்துத் தேய்க்கச் சொன்னார். தேனை மகள் நக்கிவிட்டாள், மோதிரத்தைத் துப்பிவிட்டாள். மலை மேல் சாமிக்கு மணி கட்டினால் பேச்சு வரும் என்றார்கள். கட்டினோம். காற்று அடிக்கும்போதெல்லாம் மணி நன்றாகப் பேசியது. பிறகு காப்பிப் பழம் பழுத்துவிட்டது, மனைவிக்கு லீவு கிடையாது. ஆகமொத்தம் ஆடியில் பார்த்த நாக்கை டாக்டரிடம் கொண்டுபோகத் தை பிறந்துவிட்டது.

அதுவும் என் அக்கறையால் அல்ல, பள்ளிக்கூடத்தால். வரப்போகிற ஜூன் மாதம் சேர்க்க வேண்டும் என்று தை மாதமே ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மகளை அழைத்துப் போனேன். அங்கிருந்த டீச்சர் குனிந்து "உங்க பேரு என்ன கண்ணு?" என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்றார். அதற்கும் நான் சொன்னேன், தொட்டுக்கொள்ள என்ன என்பதோடு சேர்த்து.

டீச்சர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சார், நாளைக்கு நீங்களும் இந்தச் சின்ன சேர்ல உக்காருவீங்களா?"

"இல்லைங்க டீச்சர்."

"அப்ப, குழந்தைக்கு வயிறு வலிச்சா நாங்க யாருகிட்டக் கேக்கறது? இவங்க சொல்றது எங்களுக்குப் புரியணுமில்ல?"

மகளை ஜீப்பில் ஏற்றினேன். திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. காலையிலிருந்து மூன்று மணி வரை அவள் அங்கே தனியாக இருப்பாள். விழுவாள், பசிக்கும், ஒன்றுக்கு வரும், எவளாவது பென்சிலைப் பிடுங்குவாள். 'ஈய்யா' என்றால் அங்கே யாருக்கு என்ன தெரியும்? எனக்குப் பயமாகிவிட்டது. இந்த மலையில் பிரேக் பிடிக்காத வண்டியைக்கூட ஓட்டி வந்திருக்கிறேன், அப்படி ஒரு பயம் வந்ததில்லை.

சேலத்து டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்குக்கு அடியில் எல்லோருக்கும் ஒரு சவ்வு உண்டு, இவளுக்கு அது கட்டையாக, நுனி வரை வந்து வாயின் தரையோடு இழுத்துப் பிடித்திருக்கிறது என்றார். எல்லாக் குழந்தைக்கும் இதை வெட்ட வேண்டியதில்லை, இவளுக்கு நாக்கு மேலே எழும்பவே இல்லை, அதனால் வெட்டிவிடலாம், மயக்கம் கொடுத்துச் செய்கிற சின்ன வேலைதான் என்றார். அதற்கு மேலும் ஏதோ சொன்னார். நான் அப்போது அவருக்கு எங்கள் மலைக் காப்பியின் அருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மேலும் என்னவென்றால், வெட்டினால் நாக்கு அசையும், பேச்சு தானாக வராது, அதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டும் என்பது. மனைவி கேட்டுக்கொண்டாள். சொல்ல இடம் கிடைத்திருந்தால் எனக்கும் சொல்லியிருப்பாள்.

வெட்டி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் நான் ஆஸ்பத்திரி வாட்ச்மேனுக்கு என் குடும்ப வரலாற்றை மூன்று தலைமுறைக்குச் சொல்லிவிட்டேன். மகள் கண் விழித்து அழுதாள், ஐஸ்கிரீம் கொடுத்தார்கள், அதற்கும் அழுதாள், மறுநாள் ஊருக்கு வந்தோம்.

எங்களுக்கு முன்னால் சேதி ஊருக்கு வந்திருந்தது. அதைப் போனில் பரப்பியவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள், திறப்பு விழாவுக்கு வந்த மாதிரி. ஒருவர் பூவன் பழம் ஒரு சீப்பே கொண்டுவந்திருந்தார். மகளை நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றி நின்றோம்.

"பேசு சாமி" என்றார் ஒருவர்.

"அம்மான்னு சொல்லு கண்ணு."

"அத வுடுங்க, அது சின்ன வார்த்தை. பெருசாக் கேளுங்க. வாழப்பழம்னு சொல்லு சாமி!"

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு தண்ணீர்க் குடத்தைக் கையால் காட்டினாள். ஐந்து பேர் ஒரே நேரத்தில் டம்ளரை எடுத்து ஓடினோம்.

"தப்பான நரம்ப வெட்டிப் போட்டாங்களோ என்னமோ" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் பழச் சீப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். உண்மையில் எனக்கும் அதே சந்தேகம்தான். தண்ணீர்க் குழாய் அடைப்பு எடுத்தால் தண்ணீர் வருகிறதே, இது ஏன் வரவில்லை என்று இரண்டு நாள் டாக்டரைத் திட்டினேன். மூன்றாம் நாள், என் வாய் நிறையச் சோறு இருந்த நேரமாகப் பார்த்து, டாக்டர் சொன்ன மிச்சத்தை மனைவி சொல்லி முடித்தாள்.

புண் ஆறியதும் பயிற்சிக்குப் போனோம். சேலத்தில் ஒரு சின்ன அறை, பாய், ஒரு கூடை பொம்மை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு என் தங்கை வயதுகூட இருக்காது. அவர் மகளோடு தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பொம்மையாக எடுத்துக் கேள்வி கேட்டார். நடுநடுவே ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டார். அரை மணி கழித்து நோட்டை என் பக்கம் திருப்பினார்.

"சார், நான் பாப்பாகிட்ட பதினேழு கேள்வி கேட்டனுங்க. பதினாறுக்கு நீங்க பதில் சொன்னீங்க."

"ஒண்ணு பாப்பா சொன்னாளுங்களா?" என்று ஆர்வமாகக் கேட்டேன்.

"இல்லைங்க. அப்ப உங்களுக்கு இருமல் வந்துருச்சு. அதனால உங்க ஊட்டுக்காரம்மா சொன்னாங்க."

பிறகு அவர் பொறுமையாகவே விளக்கினார். வெட்டிய நாக்குக்கு மேலே எழும்பவும் பக்கத்தில் திரும்பவும் பழக்க வேண்டும், அதற்கு விளையாட்டு மாதிரிப் பயிற்சிகள் இருக்கின்றன. ஆனால் அது பாதி வேலைதான். இவள் கேட்பதற்கு முன்பே தண்ணீர் வருகிறது, வாயைத் திறப்பதற்கு முன்பே அப்பா பேசிவிடுகிறார், அப்புறம் எதற்குப் பேச வேண்டும்? ஒரு கேள்வி கேட்டால் மனசுக்குள் பத்து எண்ணுங்கள், அதுவரை வாயைத் திறக்காதீர்கள் என்றார். "வெட்டுனது பாப்பா நாக்கைங்க. கட்ட வேண்டியது உங்களுதுங்க" என்று சிரிக்காமல் சொன்னார்.

வெளியே வந்ததும் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். பஸ் ஸ்டாண்ட் தாண்டியும் சிரிப்பு நிற்கவில்லை. "பத்து வருசமா நான் சொல்லோணும்னு நெனச்சத அந்தப் புள்ள அரை மணி நேரத்துல சொல்லிப் போட்டாளுங்க" என்றாள். அவள் இவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டதே எனக்கு நினைவில்லை. அடுத்த வாக்கியம் இருந்ததோ என்னவோ, நான் குறுக்கே புகுந்துவிட்டேன்.

நாக்குப் பயிற்சி சுலபமாக இருந்தது. மேல் உதட்டில் வெல்லப் பாகைத் தொட்டு வைக்க வேண்டும், அவள் நாக்கைத் தூக்கி நக்கி எடுக்க வேண்டும். அவளுக்குச் செய்து காட்ட வேண்டும் என்று நானும் ஓட்டிக்கொண்டே நாக்கை மேலே, கீழே, இடது, வலது என்று ஆட்டினேன். எதிரே வந்த சுற்றுலாக் காரில் ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டார். அந்தக் காரின் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து, என் மலையிலேயே எனக்கு மரியாதை சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பத்து எண்ணுவதுதான் முடியவில்லை. நான் மூன்றுக்கு அப்புறம் நேராக ஒன்பதுக்குப் போய்விடுவேன். மனைவி கவனித்துவிட்டு ஒரு வழி சொன்னாள். வாரம் ஒரு தடவை ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்கு இறங்குகிறோம், வழியில் இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை இருக்கிறது. ஒரு வளைவில் கேள்வி கேட்க வேண்டியது, அடுத்த வளைவு வருகிறவரை வாயைத் திறக்கக் கூடாது. ஒப்புக்கொண்டேன். முதல் இரண்டு வாரம் எந்தெந்த வளைவுகளுக்கு நடுவில் தூரம் குறைவு என்று பார்த்து அங்கே மட்டும் கேள்வி கேட்டேன். அதையும் அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

உள்ளூர் டிரிப்பிலும் சட்டம் போட்டேன். "கேள்வி பாப்பாவுக்கு. வேற யாரும் வாயத் தொறக்கப்படாது" என்று ஏறும்போதே சொல்லிவிடுவேன். கூடையோடு உட்கார்ந்திருக்கிற பத்துப் பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு என் மகளின் வாயையே பார்ப்பார்கள். செம்மநத்தத்து ஜீப் சத்தமில்லாமல் போவதை வழியில் பார்த்த ஒருவர் கை காட்டி நிறுத்தி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஏனுங்க, யாருங்க போயிட்டாங்க?" என்று கேட்டார்.

முதலில் ஒன்றும் வரவில்லை. மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, "வெளிய என்ன தெரியுது சாமி?" என்று கேட்டுவிட்டு நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது, "கொங்கு" என்றாள். அடுத்த வாரம் "கொங்கு ஒக்காந்துக்கு". குரங்கில் இருக்கிற ரகரம் இன்னும் வரவில்லை, மற்றபடி யாருக்கும் புரியும். நான் கத்தியே விட்டேன். மனைவி தூரத்தில் தெரிந்த பலகையைக் காட்டினாள், அடுத்த வளைவு இன்னும் வரவில்லை. சித்திரையில் ரகரமும் வந்துவிட்டது, கடைக்காரரிடம் அவளே மிட்டாய் கேட்டு வாங்கினாள். டீச்சரின் கேள்விக்கு இனிமேல் கவலையில்லை என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். கூடவே ஆஸ்பத்திரிக் கதையும் சொல்வேன். எப்பேர்ப்பட்ட தைரியசாலி என் மகள், நாக்கில் மட்டும் கொஞ்சம் வலி, மற்றபடி எப்படித் தாங்கினாள், நான் எப்படி ராத்திரி பகலாகப் பக்கத்திலேயே இருந்தேன் என்று. சொல்லச் சொல்ல அது நல்ல கதையாகிவிட்டது.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரம் கடைசிப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தோம். நாங்கள் மூன்று பேர் மட்டும். நல்ல வெயில். பாதி மலை இறங்கியிருப்போம். எனக்கு அந்தக் கதையை அவள் வாயாலேயே கேட்க ஆசை வந்தது.

"நாக்க வெட்டுனாங்கல்ல சாமி, அப்ப நொம்ப வலிச்சுதா?" என்றேன். வளைவு தாண்டியது. வாயை மூடிக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் சொன்னாள். "நாக்கு வலிக்கல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மனைவி என் தோளைத் தொட்டாள்.

"கை வலிச்சுது" என்றாள் மகள். இடது கையைத் திருப்பிப் புறங்கையைக் காட்டினாள். "இங்க ஊசி இருந்துச்சு. நீ அமுக்கிப் புடிச்சுட்டே இருந்த. உடு உடுன்னு சொன்னன். நீ உடல."

எனக்கு ஞாபகம் வந்தது. மருந்து ஏற்றுவதற்குப் புறங்கையில் ஊசியைக் குத்தி, மேலே பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். மயக்கம் தெளிந்து அவள் அழுததும் நான் ஓடிப்போய் அந்தக் கையைத்தான் பிடித்தேன். 'ஊ ஊ' என்றாள். அவள் அழ அழ இன்னும் இறுக்கிப் பிடித்தேன். நர்ஸ் வந்து, "எங்க கண்ணு வலிக்குது?" என்று அவளிடம்தான் கேட்டார். "நாக்குதானுங்க வலிக்குதாம்" என்று நான் சொன்னேன். உடனே நாக்குக்குத்தான் எல்லாம் செய்தார்கள். மருந்து, ஐஸ்கிரீம், எல்லாம். இவ்வளவு நடந்தும் நான் கையை விடவில்லை. பாசம்.

அடுத்த வளைவு வந்துவிட்டது. சட்டப்படி இப்போது நான் பேசலாம். வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"அப்பனுக்குத் தெரியல சாமி. தெரிஞ்ச மாதிரி சொல்லிப் போட்டேன். தப்புதான்" என்றேன்.

அவள் யோசித்தாள். நான் எண்ணவில்லை, பலகையும் பார்க்கவில்லை, சும்மா இருந்தேன்.

"ஸ்கூலுக்கு நீயும் வருவியா?" என்று கேட்டாள்.

"இல்ல சாமி. கேட் வரைக்கும்தான். உள்ள நீ மட்டும்தான் போவோணும்."

"செரி" என்றாள். அந்தச் சொல்லில் வருத்தம் ஒரு பொட்டுக்கூட இல்லை. வண்டியை எடுத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, உட்கார்ந்திருந்த குரங்குகளை எங்கள் இருவருக்கும் காட்டி, அவற்றைப் பற்றி அடிவாரம் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள்.